எனக்கு அளவெடுத்த தொட்டி

புதுச்சேரியில் தெருவுக்குத் தெரு யாராவது ஒரு துரையின் பெயர் இருக்கும். என் பெயரில் ஒரு சந்துகூடக் கிடையாது. அதில் எனக்கு வருத்தமும் கிடையாது. என் அக்குள் உயரத்துக்கு அளவெடுத்து இந்த ஊர் எல்லையில் ஒரு தொட்டி கட்டினார்கள். எந்தத் துரையின் அக்குளுக்கும் அந்த மரியாதை கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. செல்போனை பெல்ட்டில் ஒரு பைக்குள் தொங்கவிட்டுக்கொண்டு, எப்போது மணி அடிக்கும் என்று ஆண்கள் காத்திருந்த காலம். நான் பிறந்தபோது மூச்சு விடலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேனாம். யோசித்து முடிப்பதற்குள் மூளையில் எங்கோ ஒரு ஃபியூஸ் போய்விட்டது. கை பிழைத்தது. வாய் தேவைக்கு மேலேயே பிழைத்தது. கால்கள் மட்டும் முறுக்கிப் போட்ட ஈரத்துணி மாதிரி விறைத்துக்கொண்டன. முழங்கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று ரகசியம் பேச, குதிகால் தரையில் படாமல், நுனிக்காலிலேயே நடப்பேன். நாட்டியத்தில் இந்த நடைக்கு ஏதாவது அழகான பெயர் இருக்கலாம். எங்கள் தெருவில் இதற்குப் பெயர் கொக்கு.

தினமும் காலையில் அம்மா என்னைப் பாயில் கிடத்தி, தன் முழங்காலால் என் தொடையை அமுக்கிப் பிடித்து, பாதத்தை மேல்நோக்கி வளைப்பாள். நான் ஊரைக் கூட்டுவேன். பிறகு என்னைச் சுவரோரமாக நிறுத்தி, குனிந்து, என் குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் விரல்களைப் படுக்கைவசமாக நுழைத்துப் பார்ப்பாள். நாலு விரல் போகும். எந்த நாளும் நாலு விரல்தான்.

“இன்னைக்கு எவ்ளோ?” என்று சவரம் செய்துகொண்டே அப்பா கேட்பார்.

“நாலுதான்.”

மழை வருமா என்று கேட்பது போல இருக்கும் அவர் கேள்வி. வராது என்பது போல இருக்கும் அவள் பதில். அதற்குப் பிறகு அடுப்படி, அடுப்படிக்குப் பிறகு பஸ்.

அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவாள். ஒன்பது வயசுப் பையன், நல்ல சாப்பாடு வேறு. ஒரு கையால் என்னையும் மறு கையால் மேல் கம்பியையும் பிடித்துக்கொண்டு, நின்றபடியே தூங்கிப்போவாள். யாராவது எழுந்து இடம் கொடுத்தால் உட்கார்ந்த மறுநொடி மறுபடி தூக்கம். என்னிடம் அதிகம் பேச மாட்டாள். என்மேல் கோபம் என்று நினைத்துக்கொள்வேன். குழந்தைகளுக்குப் பசி தெரியும், தூக்கம் தெரியும். அசதி என்று ஒன்று இருப்பது தெரியாது. ஆகையால் அவளைச் சிரிக்க வைப்பதை என் உத்தியோகமாக எடுத்துக்கொண்டிருந்தேன். வருமானம் குறைவுதான்.

அந்த வருஷம் பங்குனியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெள்ளைக் கோட்டைக் கண்டாலே என் கால் கட்டையாகிவிடும். டாக்டர் என் பாதத்தைப் பிடித்து மேலே தள்ளிப் பார்த்தார். துருப்பிடித்த கதவு போல அது அசையவே இல்லை.

“பின்னங்கால் நார் குட்டையாயிடுச்சு போல இருக்கும்மா. குதிகால் கீழ எறங்கலன்னா வெட்டித்தான் நீட்டணும். பள்ளிக்கூடம் தொறக்கட்டும், மறுபடி கூட்டியாங்க, பாத்துட்டு முடிவு பண்ணுவோம்.”

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா தூங்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

“வெட்டி நீட்டினா நான் அப்பாவ விட நெட்டையாயிடுவேனாம்மா?” என்று கேட்டேன்.

வழக்கமாக இந்த மாதிரிச் சரக்கு கொஞ்சமாவது விலை போகும். அன்றைக்குப் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “கம்முனு வா கண்ணு” என்றாள்.

பிள்ளைச்சாவடிக்குப் போகும் சாலையில், கடற்கரைப் பக்கமாக, கன்னியாஸ்திரிகள் நடத்திய இல்லம் ஒன்று இருந்தது. கால் கை சரியில்லாத பிள்ளைகளுக்கு அங்கே பயிற்சி கொடுப்பார்கள். வாரத்தில் மூன்று மத்தியானம் அம்மா என்னை அங்கே தூக்கிப்போவாள். எங்களை வளைத்து நிமிர்த்தியவர் பிரான்ஸிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாள். எல்லோரும் மதாம் என்று கூப்பிடுவோம். அவர் ஊரில் இதே வேலையைச் செய்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அலுத்துப்போய் இங்கே வந்துவிட்டாராம். அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் ரொம்ப நேரம் மதாமையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சொன்னதைக் கேட்ட மதாம் நேராக இல்லத்தின் தலைவியான மதரிடம் போனார். வெதுவெதுப்பான தண்ணீரில் நின்றால் விறைத்த கால் தானாக இளகும், ஒரு தொட்டி வேண்டும் என்றார். எத்தனையோ நாளாகக் கேட்டுவந்ததுதான். இந்தத் தடவை பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வேண்டும் என்றார்.

மதர் எங்கள் மாமாவைக் கூப்பிட்டனுப்பினார். மாமா அம்மாவின் தம்பி. வீடுகளுக்குத் தரைக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி கட்டுவது அவர் தொழில். சம்ப்பு மேஸ்திரி என்றால் முத்தியால்பேட்டையில் கை காட்டிவிடுவார்கள். இல்லத்தின் குடிதண்ணீர்த் தொட்டியும் அவர் கட்டியதுதான். தண்ணீர் நிற்கும் பள்ளம்தானே, அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று மதர் நினைத்தார். மாமாவும் அப்படியே நினைத்ததுதான் விசேஷம்.

வந்த அன்றே வராண்டாவில் சாக்பீஸால் படம் போட்டார். ஒரு சதுரம். நாலு பக்கமும் செங்குத்தான சுவர். மூலையில் இரும்பு ஏணி. மேலே ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வாய். வாய்க்கு மூடி.

மதாம் கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். “மூடி ஏன்?”

“கொழந்தைங்க உள்ள வுழுந்துடக் கூடாதுல்ல மதாம்?”

“மிசியே, உள்ள போகத்தான் கட்டுறோம்.” மிசியே என்றால் பிரெஞ்சில் ஐயா.

மாமா தலையைச் சொறிந்தார். ஆள் உள்ளே போவதற்கென்று அவர் ஒரு தொட்டியும் கட்டியதில்லை. இருந்தாலும் பெரிய மனதோடு மூடியைக் காலால் அழித்தார்.

“ஏணி?” என்றார் மதாம்.

“எறங்கறதுக்கு.”

மதாம் என்னைப் பார்த்தார். நான் எழுந்து, ஏணியில் கால் வைப்பது போல ஒரு காலைத் தூக்கி, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து சாக்குப்பைமேல் விழுந்து காட்டினேன். விழுவதில் அந்த வயதிலேயே நான் கைதேர்ந்தவன். மாமா ஏணியையும் அழித்தார். வராண்டாவில் வெறும் சதுரம் மட்டும் மிச்சம் இருந்தது. “இன்னா மதாம், ஒண்ணுமே இல்லாம பூட்ச்சே” என்றார் மாமா.

“இப்ப ஆரம்பிக்கலாம்” என்றார் மதாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் மாமா மசியவில்லை. தண்ணீர் என்றால் ஈசானிய மூலைதான். கர்த்தர் இல்லமானாலும் சரி. அந்த வடகிழக்கு மூலையோ பிள்ளைகளின் அறைகளுக்கு ரொம்ப தூரம், நடுவில் முழுக்க மணல், சக்கர நாற்காலி புதைந்துபோகும். மதாம் வாதாடிப் பார்த்துவிட்டு, அங்கே மரம் இல்லை, நாள் முழுக்க வெயில் விழும் என்று கண்டதும் சட்டென்று ஒப்புக்கொண்டார். அப்படியானால் அறை வாசலிலிருந்து தொட்டி வரைக்கும் சிமெண்ட் பாதை போட வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். வாஸ்து தனக்கு வேலை வைக்கும் என்று மாமா அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்.

ஆழம் எவ்வளவு என்று கேள்வி வந்தது. மாமா வழக்கம் போல, “ஆள் ஒசரம் போட்டுடலாம்” என்றார். மதாம் தலையில் அடித்துக்கொண்டு, பிள்ளை சமதரையில் நின்றால் தண்ணீர் அக்குள் வரைக்கும் வர வேண்டும், அவ்வளவுதான் என்றார். குறைந்தால் தண்ணீர் தாங்காது. கூடினால் கால் தரையில் ஊன்றாது. எந்தப் பிள்ளையின் அக்குள்? பிடித்துக்கொண்டாவது நிற்கக்கூடிய பிள்ளைகளில் நடுத்தர உயரம் யார் என்று பார்த்தார்கள். நான்தான்.

எங்கள் தெருக் கிரிக்கெட்டில் என்னை யாரும் எந்தப் பக்கத்துக்கும் தேர்ந்தெடுத்ததில்லை. ஸ்டம்புக்குப் பதிலாக நிற்கிறாயா என்று ஒருமுறை கேட்டதோடு சரி. இப்போது ஒரு கட்டடத்துக்கே நான் தேர்வாகியிருந்தேன். சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவரோரமாக, என் வழக்கப்படி நுனிக்காலில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

“ஆடாம நில்றா” என்றார் மாமா.

“ஆடாம நிக்கத் தெரிஞ்சா நான் எதுக்கு மாமா இங்க வர்றேன்?”

அம்மாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அந்தக் கோடையில் எனக்குக் கிடைத்த முதல் வருமானம். மாமா ஒரு சவுக்குக் கழியை என் பக்கத்தில் நிறுத்தி, அக்குளுக்கு நேராகக் கத்தியால் வெட்டி, வெட்டின இடத்தில் சிவப்புப் பெயிண்ட் தடவினார். இன்னொரு தடவையும் வைத்துச் சரிபார்த்தார்.

“தண்ணி இந்த வெட்டுக்கு மேல ஒரு நூல் ஏறாது, ஒரு நூல் எறங்காது. எறங்கினா எம் மீசைய எடுத்துடறேன்.”

மாமாவுக்கு மீசை ரொம்ப அடர்த்தி.

வேலை நடந்த மே மாதம் முழுவதும் நான் அங்கேதான் கிடந்தேன். என்னென்ன தவறு செய்யலாமோ எல்லாவற்றையும் மாமா முதலில் என்மேல் செய்து பார்த்தார். உள்ளே இறங்கும் சாய்தளத்தை மாட்டுவண்டி இறங்குகிற சரிவில் போட்டுவிட்டு, என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து மேலே இருந்து விட்டார். நாற்காலி மாமாவின் கைக்கு அடங்கவில்லை. நான் அடியில் குவித்திருந்த மணலுக்குள் போய், வாய் நிறைய மணலோடு, “செங்குத்து ஜாஸ்தி மாமா” என்று அறிக்கை கொடுத்தேன். அதை இடித்துவிட்டு நீளமாகப் போட்டார்கள். இன்னும் நீளம் என்றார் மதாம். இன்னும் கொஞ்சம் என்றார். கடைசியில் தொட்டியை விடச் சாய்தளம் பெரிதாகிவிட்டது. “பல்லிய விட வாலு நீளமாப் பூட்ச்சு” என்று மாமா போகிற வருகிறவர்களிடமெல்லாம் முறையிட்டார்.

தரைக்கு மாமா ஆசையாக வாங்கிவந்தது மீன் படம் போட்ட நீல டைல்ஸ். பளபளவென்று முகம் தெரியும். நாலு டைல்ஸைப் பரப்பித் தண்ணீர் ஊற்றி என்னை நிறுத்தினார்கள். நான் நின்ற நேரத்தை விட விழுந்த நேரம் அதிகம். பிறகு கடப்பா கல் வந்தது. அதிலும் வழவழப்பான முகம் மண்ணைப் பார்க்க, சொரசொரப்பான முதுகு மேலே தெரிய, தலைகீழாகப் பதிக்கச் சொன்னார் மதாம். கொத்தனார், “வேலை தெரியாதவன் போட்டதுன்னு ஊர்ல சிரிப்பாங்க மேஸ்திரி” என்று மாமாவிடம் அழாக்குறையாகச் சொன்னார்.

தண்ணீரைச் சூடாக்குவது எப்படி என்று ஒரு வாரம் யோசித்தார்கள். மதாம் ஊரில் அதற்கு மெஷின் உண்டாம். மெஷினின் விலையைக் கேட்டு மதர் சிலுவை போட்டுக்கொண்டார். இத்தனை நாள் ஓரமாக உட்கார்ந்து, கால் முளைத்த மூட்டையான என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“மத்தியானம் எங்க மாடி டேங்குல வர்ற தண்ணியில கைய வைக்க முடியாது. அத்தப் புடிச்சு ஊத்தினா ஆவாதா?”

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெயில் காலத்தில் குழாயைத் திறந்துவிட்டுக் கத்தாத ஆள் இந்த ஊரில் உண்டா? மொட்டைமாடியில் கறுப்பு பிளாஸ்டிக் டேங்குகள் வரிசையாக ஏறின. கடலோர போர் தண்ணீர், பருப்பு வேகாத உப்பு. உப்பாக இருந்தால் உடம்பு நன்றாக மிதக்கும் என்று மதாம் மகிழ்ந்துபோனார். சூடு சரியா என்று பார்க்கும் பொறுப்பு அம்மாவுக்கு வந்தது. பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்ட விளாவிப் பார்ப்பது போல முழங்கையை நனைத்துப் பார்த்து, “இன்னும் ஒரு கொடம் பச்சத்தண்ணி” என்பாள். அதில் மட்டும் யாரும் அவளை எதிர்த்துப் பேசவில்லை.

ஜூன் பிறந்து, பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் தொட்டித் திறப்பு. டாக்டர் வரச்சொன்ன நாளும் கிட்டே வந்துவிட்டது. காலையில் அம்மா விரலை நுழைத்துப் பார்த்தபோது நாலுதான் போனது. அப்பா கேட்கவுமில்லை.

சர்ச் சாமியார் வந்து தொட்டியை மந்திரித்தார். மாமா தன் பங்குக்கு பம்ப்பு ரூமுக்குப் பின்னால் யாரும் பார்க்காமல் ஒரு பூசணிக்காய் உடைத்துவிட்டு வந்தார். சிறப்பு விருந்தினர் பிரான்ஸ் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். அந்த வெயிலில் கோட்டும் பதக்கங்களுமாக வந்திருந்தார். கடப்பா கல் அவர் உபயம். தொட்டியில் முதலில் இறங்கும் மரியாதை, அளவு கொடுத்தவன் என்பதால் எனக்கு. ஜட்டியோடு நான், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா. இரண்டு பேரும் சாய்தளத்தின் பாதியில், தண்ணீருக்குள் உட்கார்ந்தோம். பெரியவர் ஒரு வார்த்தை பேசியதும் எழுந்து நடக்க வேண்டும் என்று ஏற்பாடு.

பெரியவர் ஒரு வார்த்தையில் நிறுத்தவில்லை. கப்பல் ஏறிய கதையில் ஆரம்பித்தார். பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. கப்பல் சூயஸ் கால்வாய்க்குள் நுழைந்தபோது எனக்குக் கண் சொருகியது. வெதுவெதுவென்று கழுத்து வரைக்கும் தண்ணீர். பிறந்ததிலிருந்து யாரோ இறுக்கிப் பிடித்திருந்ததை விட்டுவிட்டது போல இருந்தது. என் கால்கள் எங்கே இருக்கின்றன என்று எனக்கே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். அம்மா கைப்பிடிக் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தனை பேர் முன்னால், தண்ணீருக்குள், வாய் லேசாகத் திறந்தபடி. தொட்டி முதலில் வைத்தியம் பார்த்தது அவளுக்குத்தான்.

கைதட்டலில் இருவரும் திடுக்கிட்டு விழித்தோம். நான் எழுந்து ஒரு கையில் கம்பியையும் மறு கையில் அம்மாவையும் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கரையில் மாமா சவுக்குக் கழியை ஆயர் செங்கோல் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு நின்றார். இடுப்பு. நெஞ்சு. சமதரை வந்தது. தண்ணீர் அக்குளில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. தோளுக்கு ஏறியது. கழுத்துக்கு வந்தது.

“மாமா, ஏறுது!” என்று கத்தத் திறந்த வாய்க்குள் ஒரு மடக்கு உப்புத்தண்ணீர் போனது. முழங்கால் மடங்கியது. அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் பச்சையாகத் தண்ணீரும் அதில் ஒரு பெரிய சத்தமும்தான். சத்தம் மாமா குதித்தது. புது பேண்ட், புது சட்டை, பெல்ட்டுப் பைக்குள் புது செல்போன், எல்லாவற்றோடும்.

என்னைத் தூக்கிக் கரையில் போட்டார்கள். நான் இருமினேன். பெரியவர் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். மதர் மாமாவை ஒரு பார்வை பார்த்தார். கொத்தனார் மெதுவாக, “ஆழம் ஜாஸ்தியாப் பூட்ச்சோ மேஸ்திரி?” என்று கேட்டார். மாமா சொட்டச்சொட்ட மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கழியை எடுத்துத் தொட்டியில் விட்டார். தண்ணீர் மட்டம் சிவப்பு வெட்டுக்கு நேராக நின்றது, ஒரு நூல் ஏறவில்லை, இறங்கவில்லை. என்னைக் காற்றில் வெடவெடவென்று நடுங்க நடுங்கத் தரையில் நிறுத்திக் கழியைப் பக்கத்தில் வைத்தார். என் அக்குளும் வெட்டுக்கு நேராகவே இருந்தது. தொட்டியும் சரி, நானும் சரி. இரண்டையும் ஒன்றாக வைத்தால் தப்பு.

“தண்ணியில நனைஞ்சா துணி சுருங்கும். பையனுமா சுருங்குவான்?” என்று மாமா உலகத்தைப் பார்த்துக் கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சுருங்கிவிட்டேன்! ஏற்கனவே கொக்கு, இப்போது சுருங்கிய கொக்கு. பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லப்போகிறேன் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மதாம் என் பாதத்தையே பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார். இன்னும் தண்ணீருக்குள்ளேயே நின்றிருந்த அம்மாவுக்கு நேராகக் கரையில் மண்டியிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்: “கால் பாரு. கீழ. தண்ணிக்குள்ள.”

அம்மா நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள். “தம்பி, அவன இன்னொரு வாட்டி எறக்கு.”

“அக்கா, மட்டத்த கொறச்சுட்டு—”

“எறக்குடா.”

இதற்குப் பின்னால் நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். மதாம் எங்களோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தார். நார் நிரந்தரமாகக் குட்டையாகவில்லை, இறுக்கம்தான், சூட்டில் விட்டுக்கொடுக்கிறது என்று டாக்டருக்கு எடுத்துச் சொன்னார். டாக்டர் கத்தியைத் தள்ளிவைத்தார். தள்ளிவைத்தது அப்படியே நின்றுபோனது. அதனால் அம்மாவுக்கு ஓய்வு கிடைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். வாரத்தில் மூன்று மத்தியானம், உச்சி வெயிலில், பஸ்ஸில், ஈரப் புடவை மூட்டையோடு, நான் மீசை முளைத்துத் தனியாக பஸ் ஏறும் வரைக்கும் அந்தத் தொட்டிக்கு வந்தாள். ஏனென்றால் தண்ணீரில் இறங்குகிற குதிகால் வெளியே வந்து பஸ் பிடிப்பதற்குள் பழையபடி ஏறிவிடும். மறுபடி இறக்க வேண்டும். மறுபடி ஏறும். “வெட்டியிருந்தா ஒரே மாசத்துல முடிஞ்சிருக்கும்” என்று அப்பா ஒருமுறை சொன்னார். அம்மா அதற்குள் உட்கார்ந்தபடி தூங்கிப்போயிருந்தாள்.

மாமா தரையில் இன்னொரு வரிசைக் கல் போட்டு, ஆழத்தைச் சரிசெய்தார். மீசையை எடுக்கவில்லை. தன் அளவு தப்பில்லை, பையன் நின்றதுதான் தப்பு என்பது அவர் கட்சி. ஒரு வகையில் நியாயம்தான். சுவரோரமாக நான் நின்றபோது குதிகாலுக்குக் கீழே இருந்த நாலு விரல் காற்றையும் சேர்த்து அளந்திருந்தார். அங்கே இருந்த ஒருவருக்கும் அது தோன்றவில்லை. நான் நிற்பதே அப்படித்தானே.

இப்போது நானும் கட்டடப் படம் போட்டுத்தான் பிழைக்கிறேன். போகிற கட்டடங்களில் சாய்தளம் எங்கே என்று கேட்டால், “ஒரே ஒரு படிதானே சார்” என்று காட்டுகிறார்கள். அந்த ஒரு படியில் ஏறி விழுந்து காட்ட எனக்குத் தெம்பு குறைந்துவிட்டது. விழுந்தால் எழுந்திருக்கும் நேரம் நீண்டுகொண்டே போகிறது.

தொட்டி திறந்த அன்றைக்குத் திரும்பி வருகிறேன். மாமா என்னை மறுபடி சாய்தளத்தில் இறக்கினார். நான் கைகால் உதறி அழுதேன். மதாம் என் முதுகைத் தடவி, “துஸ்மா, துஸ்மா” என்றார், மெல்ல மெல்ல என்று அர்த்தம். சூடு ஏற ஏற அழுகை தானாக நின்றது. கால்கள் மறுபடி எங்கோ போயின. சமதரையில் நிறுத்தினார்கள். தண்ணீர் மறுபடி கழுத்துக்கு வந்தது. இந்தத் தடவை மாமா கழுத்துக்குப் பின்னால் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டார்.

அம்மா என் எதிரில் மண்டியிட்டாள். தண்ணீர் அவள் முகவாய்க்கு வந்தது. நீச்சல் தெரியாதவள், கடற்கரையில் கால்கூட நனைக்காதவள், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து கையைக் கீழே விட்டாள். அவள் விரல்கள் என் கணுக்காலைத் தடவிக்கொண்டு, தினமும் காலையில் போகிற அதே வழியில், குதிகாலுக்கு அடியில் போகப் பார்த்தன. வழி இல்லை. முட்டி முட்டிப் பார்த்தன. என் காலைக் கொஞ்சம் தூக்கி விரலை உள்ளே வைத்தாள். கால் தானாக இறங்கி அதன்மேல் உட்கார்ந்தது.

அம்மா முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கினாள். முடியெல்லாம் ஒட்டிக்கொண்டு, கண் சிவந்து, உதடு கோணிக்கொண்டு போனது. நான் இதற்கு முன்னால் அம்மா அழுது பார்த்ததில்லை. காரணம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. கடப்பா கல், சொரசொரப்பான பக்கம், மேலே என் கனம்.

“மிதிச்சிட்டேனாம்மா? வலிக்குதா?” என்று பதறிப்போய்க் கேட்டேன்.

“மிதிடா” என்றாள். “நல்லா மிதி.”

விரல் நசுங்கி அழுகிறவள் கையை ஏன் எடுக்காமல் அங்கேயே வைத்திருக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. தூக்கம் போதாமல் அம்மாவுக்கு ஏதோ குழம்பிவிட்டது என்று முடிவு கட்டினேன். இருந்தாலும் கேட்கிறாளே என்று, மாமாவின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, முடிந்த மட்டும் அழுத்தி மிதித்தேன்.